அப்பாவின் சாகாவில் என் குரலைக் காணோம்

"நேத்து கடைசியா என்ன பாட்டு போட்டேன், சொல்லுங்க பார்க்கலாம்" என்று அப்பாவிடம் கேட்டேன். சும்மா விளையாட்டாகத்தான். அப்பா திருதிருவென்று விழித்தார். பிறகு, "நல்ல பாட்டுதாம்மா" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. அப்பா என் நிகழ்ச்சியைக் கேட்கவில்லை.

வானொலியில் பேசுகிறவர்களுக்கு ஆயிரக்கணக்கில் நேயர்கள் இருக்கலாம். ஆனால் மைக்கைத் திறக்கும்போது மனத்தில் ஒரே ஒருவரைத்தான் வைத்துப் பேச வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். என் அந்த ஒருவர் அப்பா. காலை பத்து மணிக்கு அம்மாவை தாமான் துன் சார்டோன் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போவார். அம்மா மீன்காரரோடு பேரம் பேசும் அரை மணி நேரமும் அப்பா காரிலேயே இருந்து ஏர்கோனைப் போட்டுக்கொண்டு என்னைக் கேட்பார். எஞ்சினை ஓடவிட்டு இப்படி உட்காரக்கூடாது என்று நானே பல முறை சண்டை போட்டிருக்கிறேன். அது வேறு விஷயம்.

விடாமல் கேட்டதில் உண்மை வெளிவந்தது. "மூணு வாரமா உன் குரல் கேட்கலம்மா. டர்ர்ர்ருன்னு ஒரு சத்தம்தான். எண்ணெய் அழுத்தினா சத்தமும் ஏறுது. நீ ஆசையா வாங்கிக் கொடுத்தது, எப்படிச் சொல்றதுன்னு ரேடியோவ அடைச்சுட்டேன்."

நான் ஆசையாய் வாங்கிக் கொடுத்தது ஓர் இக்னிஷன் பெட்டி.

அப்பாவின் கார் 1994ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா ஈஸ்வரா, 1.5. "பேருக்காகவே வாங்கினேன்" என்று இன்றைக்கும் சொல்வார். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், நான்கு பிளக், நான்கு பிளக் கேபிள். காலையில் ஸ்டார்ட் ஆவதற்குக் கொஞ்சம் மக்கர் செய்தது. பிறந்தநாளுக்கு என்ன வாங்கலாம் என்று இணையத்தில் தேடியபோது, "பொறி பலமாகும், பெட்ரோல் மிச்சமாகும்" என்று ஒரு பெட்டி கண்ணில் பட்டது. கூடவே சிவப்பு நிறத்தில் தடித்த பிளக் கேபிள் செட், புதிய பிளக்குகள். தெரிந்தவர் சொன்ன ஒரு பட்டறையில் ஒரு மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்தார்கள். கார் முதல் தட்டிலேயே ஸ்டார்ட் ஆனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஊடகத் துறையில் பட்டப்படிப்பு படித்தவர்கள் எல்லாருக்கும் முதல் செமஸ்டரில் ஒரு படம் வரும். கிளாட் ஷானன் 1948இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த படம். அனுப்புகிறவர் ஒரு கட்டம், பெறுகிறவர் ஒரு கட்டம், நடுவில் கீழேயிருந்து ஒரு அம்புக்குறி. அதன் பெயர் 'இரைச்சல்'. தேர்வுக்கு மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துபோனேன். அந்த அம்புக்குறியை என் கைக்காசைப் போட்டு நானே வாங்கி அப்பாவின் பானெட்டுக்குள் மாட்டிவைப்பேன் என்று அப்போது நினைக்கவில்லை.

ஏன் இந்தச் சத்தம்? இதைத் தேடிப் படிக்கப் போனபோதுதான் வானொலிக்காரியான எனக்கே வெட்கமாக இருந்தது. வானொலி பிறந்ததே தீப்பொறியில்தான். 1880களின் இறுதியில் ஜெர்மனியில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் ஒரு தூண்டு சுருளைக் கொண்டு சின்ன இடைவெளியில் பொறியைத் தெறிக்கவிட்டார். அறையின் இன்னொரு பக்கத்தில், கம்பித் தொடர்பே இல்லாத ஒரு வளையத்தின் இடைவெளியிலும் குட்டிப் பொறி தெரிந்தது. மின்காந்த அலை உண்டு என்பதற்கு அதுதான் நிரூபணம். 1890களின் நடுவில் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் இதே போன்ற பொறியிலிருந்து எழுந்த அலையைச் சுவர் தாண்டி அனுப்பி மணியை அடிக்க வைத்தார், வெடிமருந்தைப் பற்ற வைத்தார். 1912இல் டைட்டானிக் கப்பல் உதவி கேட்டு அனுப்பிய செய்தியும் பொறிக் கருவியிலிருந்து போனதுதான்.

பிற்காலத்தில் பொறிக் கருவிகளைக் கைவிட்டார்கள். காரணம் எளிது. ஒரு பொறி ஒரே அலைவரிசையில் நிற்காது. அக்கம்பக்கத்து அலைவரிசைகள் எல்லாவற்றிலும் சிந்தும். பக்கத்தில் யாரும் நிம்மதியாகப் பேச முடியாது.

இப்போது உங்கள் காரின் பானெட்டைத் திறந்து பாருங்கள். அங்கே இருக்கும் இக்னிஷன் கோயில், ஹெர்ட்ஸ் வைத்திருந்த தூண்டு சுருளின் நேர் வாரிசு. பேட்டரியின் 12 வோல்ட்டை வாங்கி 20,000, 30,000 வோல்ட்டாக உயர்த்தித் தருகிறது. பிளக்கின் நுனியில் ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளியில் பொறி தாவுகிறது. பொறி எரிந்துகொண்டிருக்கும் நேரம் தொந்தரவில்லை. அது பற்றிக்கொள்ளும் அந்த முதல் கணம், ஒரு விநாடியில் நூறு கோடியில் சில பங்கு, அதுதான் தொந்தரவு. அவ்வளவு குறுகிய நேரத்தில் மின்சாரம் பாய்ந்து குலுங்கும்போது, பிளக் கேபிளே ஆன்டெனாவாகிவிடுகிறது. சக்கரம் வைத்த ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம், உரிமம் இல்லாமல்!

நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் சும்மா நிற்கும்போது விநாடிக்கு ஏறத்தாழ 27 பொறி. அதுதான் அப்பா சொன்ன 'டர்ர்ர்'. 3,000 சுற்றில் விநாடிக்கு 100 பொறி. அப்போது அது ரீங்காரமாக மாறிவிடும். எண்ணெய் அழுத்தினால் சத்தம் ஏறுவது இதனால்தான். ஒரே ஒரு கேபிள் மட்டும் கெட்டிருந்தால் விநாடிக்கு ஆறேழு 'டிக்' மட்டும் கேட்கும். கொஞ்சம் கவனித்தால் காதாலேயே எண்ணிவிடலாம்.

அப்படியானால் பழைய கேபிள் இருந்தபோது ஏன் சத்தம் வரவில்லை? தயாரிப்பாளர்கள் அதை முன்கூட்டியே யோசித்து அடக்கி வைத்திருந்தார்கள். இது நேற்றைய கவலையும் அல்ல. வானொலி இடையூறுக்கு அளவுகோல் வகுக்கும் 'சிஸ்பர்' என்ற அனைத்துலகக் குழு 1934இலேயே அமைந்துவிட்டது. (அதே 1934இல்தான் பினாங்கு வயர்லஸ் சொசைட்டி நம் தீவிலிருந்து ஒலிபரப்பத் தொடங்கியது, தமிழும் அதில் உண்டு. என் தொழிலுக்கு இந்தத் தீவில் அத்தனை வயது.) பிரிட்டனில் 1952இல், பெட்ரோல் எஞ்சின்களின் பொறி இடையூறைக் கட்டுப்படுத்தத் தனியாக விதிமுறையே போட்டார்கள். அக்கம்பக்கத்து வீடுகளின் ரேடியோவும் டிவியும் தெருவில் போகும் கார்களால் கெட்டது அந்தக் காலத்தின் பெரிய புலம்பல்.

அடக்கும் வழி ரொம்ப எளிமையானது: பொறி போகும் பாதையில் மின்தடையைப் போடுவது. தொழிற்சாலையிலிருந்து வரும் பல கேபிள்களின் நடுவில் செம்புக் கம்பி இருக்காது. கரி கலந்த நார்தான் இருக்கும். பிளக்குக்குள்ளும் ஏறத்தாழ 5,000 ஓம் தடையைப் புதைத்து வைத்திருப்பார்கள். வீணைத் தந்தியை மீட்டிவிட்டு விரலால் லேசாகத் தொட்டால் அதிர்வு அடங்குவது போல, அந்தத் தடை குலுக்கலை அடக்கும். பொறிக்குத் தேவையான வோல்ட் கிட்டத்தட்ட அப்படியே போய்ச் சேரும். நீங்களே சரிபார்க்கலாம். என்ஜிகே பிளக்கில் பிபிஆர்6இஎஸ் என்று போட்டிருந்தால் நடுவில் உள்ள 'ஆர்' தடையைக் குறிக்கிறது. பிபி6இஎஸ் என்று மட்டும் இருந்தால் தடை இல்லை. இரண்டும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், பார்க்க ஒன்று போலவே இருக்கும்.

"சரிப்பா, சனிக்கிழமை பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டேன். ரேடியோ சத்தம்தானே, என்ன அவசரம்?

வெள்ளிக்கிழமை இரவு பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாண விருந்து. அப்பாதான் ஓட்டினார். திரும்பும்போது மணி பதினொன்று இருக்கும். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேல். பாலம் தீவில் வந்து இறங்கும் இடமே எங்கள் கெலுகோர்தான். 1985இல் அந்தப் பாலத்தைத் திறந்து வைத்தபோது பிரதமர் மகாதீர் ஓட்டிப் போனதும் ஒரு சாகாதான் என்று, ஒவ்வொரு தடவையும் போல அன்றைக்கும் அப்பா கதை சொல்லிக்கொண்டு வந்தார். பாலத்தின் மேட்டில் ஏறும்போது கார் ஒரு தடவை விக்கியது. ஆர்பிஎம் முள் மேலே குதித்து விழுந்தது. மறுபடியும் ஒரு விக்கல். பின்னால் வந்த லோரி ஹார்ன் அடித்தபடி ஒதுங்கிப் போனது. அம்மா பின்சீட்டில் கந்தனைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அப்பா கியரை இறக்கி, எண்ணெயை மெதுவாக விட்டு, அபாய விளக்கைப் போட்டு ஒரு வழியாகக் கரை சேர்த்தார். வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன்.

மறுநாள் காலை கெலுகோரில் எங்களுக்குப் பழக்கமான வயர்மேன் அங்கிளிடம் போனோம். அறுபதைத் தாண்டியவர். கார் வயரிங் மட்டும்தான் செய்வார். எஞ்சினைத் தொட மாட்டார். "அது பொமன் வேலை" என்பார்.

நான் ரேடியோ சத்தம், பாலத்து விக்கல் என்று இரண்டு பிரச்சினைகளைச் சொன்னேன். அங்கிள் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான் பாப்பா. ரேடியோவுக்குக் கேட்கிற சத்தம் பெட்டிக்கும் கேட்குது" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எனக்கு அரை மணி நேரம் ஆனது. இப்படித்தான்: 'இப்போது பொறியைப் போடு' என்ற செய்தி டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து மெல்லிய கம்பி வழியாகப் பெட்டிக்கு வருகிறது. அந்தக் கம்பியை என் பட்டறைக்காரர்கள் அழகாக இருக்கட்டும் என்று பிளக் கேபிள்களோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். 30,000 வோல்ட் போகும் கேபிளின் பக்கத்தில் ஓடும் மெல்லிய கம்பியில் பொய்ச் செய்தி எழும். பெட்டியும் அதை நம்பித் தவறான நேரத்தில் பொறியைப் போடும். சும்மா நிற்கும்போது தெரியாது. பாலத்தின் மேட்டில், பாரம் ஏறிப் பொறிக்கு அதிக வோல்ட் தேவைப்படும்போது வெளிப்படும்.

சத்தம் எங்கே இருந்து வருகிறது என்று அங்கிள் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எந்தக் கணினியும் இல்லை. முதலில் ரேடியோவின் பின்னாலிருந்து ஆன்டெனா வயரைக் கழற்றினார். டர்ர்ர் பாதிக்கு மேல் குறைந்தது, ஆனால் முழுக்கப் போகவில்லை. "போனது காத்து வழியா ஆன்டெனாவுக்கு வந்தது. மிச்சம் கரண்டு வயர் வழியா வருது" என்றார். ஆக, இரண்டு பாதை, இரண்டு வைத்தியம்.

பிறகு என்னிடம் இருந்த பழைய பாக்கெட் ரேடியோவை வாங்கினார். ஏஎம் வரிசையில் எந்த நிலையமும் இல்லாத இடத்துக்குத் திருப்பி, ஓடும் எஞ்சினுக்கு மேலே பாதுகாப்பான தூரத்தில் காட்டினார். மூன்றாவது கேபிளின் பக்கம் வந்ததும் ரேடியோ கத்தியது. வீச்சு மாறுவதைத்தான் ஏஎம் ஒலியாக எடுத்துக்கொள்கிறது. அதனால் பொறி இரைச்சல் அதில் அப்படியே விழும். எஃப்எம் வாங்கி வீச்சு மாற்றத்தை வெட்டி எறிந்துவிடும். சிக்னல் பலமாக இருந்தால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. மலை மறைக்கும் இடத்தில் சிக்னல் மெலிந்ததும் இரைச்சல் உள்ளே புகுந்துவிடும். எஃப்எம்மே கெடும் அளவுக்குச் சத்தம் இருக்கிறதென்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம். அதை நான் முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அடுத்து எஞ்சினை அணைத்துவிட்டு, கேபிள்களைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தார். நான் வாங்கிய சிவப்புக் கேபிளில் முள் கிட்டத்தட்ட பூச்சியத்தில் நின்றது. உள்ளே வெறும் செம்புக் கம்பி. கழற்றி வைத்திருந்த பழைய கேபிளை அளந்தபோது ஆயிரக்கணக்கான ஓம் காட்டியது. நான் தூக்கி எறியச் சொன்னதை அப்பா ஸ்டோரில் பத்திரமாக வைத்திருந்தார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம், 'ஆர்' இல்லை. ஆக, இருந்த இரண்டு அணைகளையும் நானே காசு கொடுத்து உடைத்திருக்கிறேன். இத்தனைக்கும் எம்எஸ்டி போன்ற பெயர்பெற்ற இக்னிஷன் நிறுவனங்களின் கையேட்டிலேயே திடக் கம்பி கேபிள் போடக்கூடாது என்று எழுதியிருக்கிறது. பெட்டியோடு வந்த கையேட்டை நான் பிரிக்கவே இல்லை.

இனி, அங்கிள் செய்த வேலைகள். உங்கள் வீட்டில் பழைய கார் வைத்துக்கொண்டு பெட்டி மாட்டும் ஆசையில் யாரேனும் இருந்தால், இந்த வாரப் பக்கத்தை வெட்டிக் கொடுங்கள்.

முதல் வேலை, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றியது. கேபிளுக்குப் பதில் சுருள் வகை வந்தது. அதன் உள்ளே மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். பொறிக்கு வழி விடும், வானொலி அலையை மறிக்கும். பழைய கரிக் கேபிளையே திரும்பப் போட்டிருக்கலாம், ஆனால் அது முப்பது ஆண்டுகளில் வெடித்துப் போயிருந்தது. பிளக் 'ஆர்' வகைக்கு மாறியது. கேபிள்களை ஒரே கட்டாகக் கட்டாமல் பிளாஸ்டிக் சீப்பில் தள்ளித் தள்ளிக் கோத்தார். அதிலும் ஒரு நுணுக்கம். இந்த எஞ்சின் 1, 3, 4, 2 என்ற வரிசையில் எரியும். 3ஐ அடுத்து 4. இரண்டும் அக்கம்பக்கத்து சிலிண்டர்கள். அவற்றின் கேபிள்கள் ஒட்டி ஓடினால், 3இல் போகும் பொறி 4இன் கேபிளிலும் வோல்ட்டைத் தூண்டிவிடும்; 4 தன் முறை வரும் முன்பே எரியப் பார்க்கும். அந்த இரண்டையும் நன்றாக விலக்கி வைத்தார்.

பிறகு மின்சாரம். பட்டறைக்காரர்கள் பெட்டிக்கு வேண்டிய கரண்டை ரேடியோவுக்குப் போகும் வயரிலிருந்தே கிளை பிரித்து எடுத்திருந்தார்கள். "ஒரே குழாயில குளிக்கவும் குடிக்கவும் எடுத்த மாதிரி" என்றார் அங்கிள். பெட்டி ஒவ்வொரு பொறிக்கும் திடீர் திடீரென்று கரண்டை உறிஞ்சும். அந்த அதிர்வு அப்படியே ரேடியோவுக்குள் போகும். தடித்த சிவப்பு, கறுப்பு வயர் இரண்டையும் நேராக பேட்டரிக்குக் கொண்டுபோனார், பாசிட்டிவ் பக்கத்தில் ஃபியூஸ் வைத்து. பேட்டரி ஒரு பெரிய குளம் மாதிரி, அலையை விழுங்கிவிடும். இரண்டு வயரும் ஒன்றோடொன்று ஒட்டியே போக வேண்டும். ஒன்று காரின் இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம் என்று போனால் நடுவில் பெரிய வளையமாகி, அதுவே அலையைச் சிந்தும். சாவியோடு சேரும் மெல்லிய வயர் மட்டும் உள்ளே போனது. அதில் கரண்டு மிகக் குறைவு.

எர்த்துக்குத்தான் அதிக நேரம் எடுத்தது. பெட்டியின் எர்த்தைப் பெயின்ட் மேலேயே திருகியிருந்தார்கள். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டை பச்சை பூத்து, தொட்டதும் உதிர்ந்தது. கடற்காற்று அடிக்கும் ஊரில் இருபது முப்பது ஆண்டு ஓடிய காரில் அது வேறெப்படி இருக்கும்? எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. பட்டை இல்லையென்றால் பொறிக் கரண்டு வீடு திரும்ப வேறு வழி தேடும். ஆக்சிலரேட்டர் கேபிள், ஏர்கோன் குழாய் எதையும் விட்டுவைக்காது. இரும்பு பளபளக்கும் வரை சுரண்டி, புதுப் பின்னல் பட்டையை இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். பானெட் கீலுக்கும் ஒரு சின்னப் பட்டை. "மூடி நல்லா எர்த் ஆனா சத்தம் பானைக்குள்ளயே இருக்கும்." ஆன்டெனாவின் அடியில் பாடியோடு சேரும் இடத்தையும் சுத்தம் செய்தார்.

கடைசியில் அந்த மெல்லிய சிக்னல் கம்பி. இரண்டு கம்பியையும் கயிறு போல முறுக்கினார். முறுக்கும்போது ஒரு சுற்றில் ஏறும் இரைச்சலை அடுத்த சுற்று எதிர்த்திசையில் கழித்துவிடும். தொலைபேசிக் கம்பியிலிருந்து இணையக் கேபிள் வரை எல்லாவற்றிலும் இதே தந்திரம்தான். முறுக்கிய கம்பியை பிளக் கேபிளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றி விட்டார். ஓரிடத்தில் குறுக்கே போயாக வேண்டியிருந்தது. அங்கே மட்டும் கூட்டல் குறி போல நேர் குறுக்காகக் கடக்க வைத்தார். ஒட்டி ஓடினால்தான் ஆபத்து, வெட்டிக் கடந்தால் இல்லை.

இரண்டு எச்சரிக்கை. அப்பாவுக்கு வாங்கியது 'சிடிஐ' வகைப் பெட்டி. இதில் பெட்டியிலிருந்து கோயிலுக்குப் போகும் வயரிலேயே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். எஞ்சின் ஓடும்போது கை வைக்கவே கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் ஓடும் எஞ்சினுக்கு மேல் குனிவதையே தவிர்ப்பது நல்லது. இன்னொன்று, சத்தத்தை அடக்க கோயிலில் கண்டென்சர் மாட்டும் பழைய வழக்கம். சாதாரண கோயிலின் பாசிட்டிவ் முனையில் மாட்டலாம். சிடிஐ பெட்டியோடு சேர்ந்த கோயிலில் எந்த முனையிலும் மாட்டக்கூடாது. யாரோ சொன்னார்கள் என்று மாட்டினால் பெட்டி போய்விடும்.

"என் கார் மைவி, எனக்கு என்ன?" என்று இளையவர்கள் கேட்கலாம். நியாயம். 2005இல் வந்த முதல் மைவியிலேயே ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனி கோயில் உட்கார்ந்துவிட்டது. நீளமான கேபிளே இல்லை. ஆனால் அங்கேயும் கோயிலை மாற்றி 'பவர்' கோயில் போடுகிறவர்கள் உண்டு. மலிவானதில் உள்ளே இருக்க வேண்டிய தடை இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? புதுக் காரில் இன்னும் ஒரு தலைவலி: டேஷ்கேம், யூஎஸ்பி சார்ஜர், எல்இடி பல்பு. இவற்றின் உள்ளே 12 வோல்ட்டைக் குறைக்கும் சின்னச் சுற்று விநாடிக்கு லட்சக்கணக்கில் திறந்து மூடும். மலிவுப் பொருளில் அதை அடக்க வேண்டிய பாகத்தைச் சேமித்துவிடுவார்கள். உங்களுக்குப் பிடித்த நிலையம் திடீரென்று மங்கினால், நிலையத்துக்கு போன் செய்யும் முன் டேஷ்கேமைப் பிடுங்கிப் பாருங்கள். எங்கள் வரவேற்பறைப் பெண்ணின் சார்பில் இதைக் கேட்டுக்கொள்கிறேன். வயரில் ஃபெரைட் வளையம் ஒன்றை மாட்டினாலோ, டேஷ்கேம் வயரை ஆன்டெனா வயரிலிருந்து விலக்கினாலோ பெரும்பாலும் சரியாகும்.

எல்லா ரேடியோ சத்தமும் பொறியும் அல்ல. எஞ்சின் வேகத்தோடு 'ஊய்ய்ய்' என்று விசிலடித்து ஏறினால் அது ஆல்டர்னேட்டர். எஞ்சின் வேகம் மாறினாலும் மாறாமல் ஒரே சுருதியில் முனகினால் பெட்ரோல் பம்பு மோட்டாரைச் சந்தேகிக்கலாம். சிக்னல் விளக்குப் போடும்போது மட்டும் 'டப்' என்றால் ரிலே. காதைத் தீட்டிக்கொண்டால் பாதி வைத்தியம் வீட்டிலேயே முடிந்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு, பெட்டியால் பயன் உண்டா என்று அங்கிளிடம் கேட்டேன். சிரித்தார். "எரியிற அடுப்புக்கு எதுக்கு ரெண்டு தீக்குச்சி?" நல்ல நிலையில் இருக்கும் சாதாரண எஞ்சினில், பொறி பற்ற வைத்தால் போதும், இரட்டிப்பு பலத்தால் வண்டி இரட்டிப்பாக ஓடாது. டர்போ வைத்தவர்களுக்கும், எஞ்சினை உச்ச வேகத்தில் ஓட்டுகிறவர்களுக்கும் அது தேவைப்படும். அப்பாவின் காருக்கு முதலிலேயே புதுக் கேபிளும், சரியான பிளக்கும், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி ஒன்றும் போட்டிருந்தால் காலை மக்கர் தீர்ந்திருக்கும். பெட்டியைக் கழற்றிவிடலாமா என்றேன். அப்பா உடனே, "வேண்டாம், பிள்ளை வாங்கிக் கொடுத்தது, இருக்கட்டும்" என்றார். அங்கிள் என்னைப் பார்த்தார். நான் காரைப் பார்த்தேன். பெட்டி இன்றும் இருக்கிறது.

மாலையில் நானும் அப்பாவும் மட்டும் பாலத்தில் ஏறி பிறை வரை போய்த் திரும்பினோம். ரேடியோ ஓடியது. மேட்டில் ஏறும்போது அப்பா பேசவில்லை, மகாதீர் கதையும் வரவில்லை. ஆர்பிஎம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையாமல் ஏறியது.

திங்கட்கிழமை நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்ததும் போன் அடித்தது.

"ஏம்மா, பதினொன்றரைக்கு ஒரு பாட்டு போட்டியே, நடுவுல பேசிக் கெடுத்துட்டியே. முழுசா விடக்கூடாதா?"

பின்னால் அம்மாவின் குரல்: "மீன் வாங்கி எவ்வளவு நேரமாச்சு, காரை எடுக்கச் சொல்லு!"